கோப்பு எங்கே குடியிருக்கிறது? ஊடாட்டப் பாடங்களுக்குள் பிடிஎஃப் லிங்க் வைக்க முழுமையான வழிகாட்டி

மல்டிமீட்டர் பற்றி ஒன்பது ஸ்லைடில் ஒரு பாடம் செய்திருந்தேன். ஊடாட்டப் பாடங்கள் செய்யும் கருவியான எச்5பி-யில் (H5P) செய்து, பாடங்களை நடத்தும் இணையத் தளமான மூடுலில் (Moodle) ஏற்றியது. ஆறாவது ஸ்லைடில் ‘அளவீட்டு அட்டவணை’ என்று ஒரு லிங்க். அழுத்தினால் இரண்டு பக்க பிடிஎஃப் திறக்கும். மாணவர்கள் அதை அச்செடுத்து ஒர்க்‌ஷாப் மேசையில் வைத்துக்கொண்டு, அளக்க அளக்க வோல்ட்டேஜை எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை என் மடிக்கணினியில் பத்து முறை அழுத்திப் பார்த்தேன். பத்து முறையும் திறந்தது. திங்கள் காலை ஒரு மாணவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “மேடம், அட்டவணை வரலை. ஏதோ இங்கிலீஷ்ல திட்டுது.”

கோளாறு மூடுலுடையது அல்ல, என்னுடையது. மூடுலின் எடிட்டரில் ஒரு கோப்பை ஏற்றும்போது, சேமிக்கும் வரை அது ஒரு தற்காலிக இடத்தில் கிடக்கும். அந்த நேரத்தில் லிங்க் பெட்டியில் தெரியும் முகவரியில் ‘டிராஃப்ட்ஃபைல்’ என்ற சொல் இருக்கும். ஏற்றியவருக்கு மட்டுமே அது திறக்கும், அதுவும் சில நாளைக்குத்தான். பிறகு மூடுலே துடைத்துவிடும். நான் அதைக் காப்பி செய்து கொண்டுபோய் எச்5பி-க்குள் ஒட்டியிருந்தேன். பத்து முறை சோதித்தேன் என்றேனே, பத்து முறையும் என் கணக்கில்தான்.

லிங்க் போடுவது அரை நிமிட வேலை. கோப்பை எங்கே குடிவைப்பது, அந்த இடத்தின் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்பதில்தான் மீதி நேரமெல்லாம் போகிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: கோப்புக்கு இடம் பாருங்கள்

மூன்று இடங்கள் உண்டு. ஒன்று, பாடப் பொட்டலத்துக்கு உள்ளேயே. ஸ்கார்ம் (SCORM) பொட்டலம், அதாவது பல கல்வித் தளங்களிலும் ஓடும்படி ஒரு பொது விதிப்படி கட்டிய பாடம், ஒரு ஜிப் கோப்புதான்; அதற்குள் ஸ்லைடு, படம், ஒலியோடு பிடிஎஃப்பும் பயணம் செய்யலாம். இரண்டு, பாடம் ஓடும் அதே தளத்தில், பாடத்துக்குப் பக்கத்தில் தனிக் கோப்பாக. மூன்று, கூகுள் டிரைவ் போல வெளியே.

என்னிடம் யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இந்தக் கோப்பு மாறுமா? மாறவே மாறாத படிவம், குறியீட்டுப் பட்டியல் போன்றவற்றை உள்ளே வைத்துவிடலாம். பாடம் எங்கே போனாலும் கூடவே போகும். ஆண்டுக்கு ஒருமுறை திருத்துகிற கோப்பை உள்ளே வைத்தால், ஒரு எழுத்துப்பிழைக்காக முழுப் பொட்டலத்தையும் மறுபடி செய்து ஏற்ற வேண்டிவரும். பாதிப் பாடத்தில் நிற்கும் மாணவர்களின் முயற்சிக் கணக்கும் அதில் குழம்பலாம். அப்படிப்பட்ட கோப்பு பொட்டலத்துக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

எச்5பி-யில் இந்தத் தேர்வே பெரும்பாலும் இல்லை. கோர்ஸ் பிரசன்டேஷன், இன்டராக்டிவ் புக் போன்ற வகைகளில் படம், ஒலி, காணொளி ஏற்ற இடம் இருக்கிறது. பிடிஎஃப்பை ஏற்ற ஒரு பொத்தானைத் தேடினால் கிடைக்காது. வேறெங்காவது ஏற்றி, முகவரியை மட்டும் உள்ளே வைக்க வேண்டும்.

படி 2: பெயர், எழுத்துரு, எடை

கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். வைக்காதீர்கள். இணைய முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகப் பிரிந்து, விழுக்காட்டுக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக ஊதிப்போகும். ‘அட்டவணை’ என்ற சொல்லில் புள்ளி, ஐகாரக் குறி எல்லாம் சேர்த்து ஏழு குறிகள். முகவரியில் அது 63 எழுத்து. வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பார்ப்பவர் வைரஸ் என்று நினைப்பார்.

நீளம் கூடப் பரவாயில்லை, இன்னொரு வம்பு இருக்கிறது. ‘தொகுப்பு’ என்று எழுதும்போது ‘தொ’வின் கொம்பையும் காலையும் யூனிகோடில் இரண்டு தனிக் குறிகளாகவும் பதியலாம், இரண்டும் சேர்ந்த ஒரே குறியாகவும் பதியலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. சர்வருக்கு இரண்டும் வேறு வேறு பெயர். ஒரு கணினியில் பெயரிட்ட கோப்புக்கு இன்னொரு கணினியிலிருந்து கையால் முகவரி அடித்தால், எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தும் ‘கோப்பு இல்லை’ என்று வரக் காரணம் இதுவாக இருக்கலாம். பிடிஎஃப்பின் உள்ளே தலைப்பு தாராளமாகத் தமிழில் இருக்கட்டும். கோப்பின் பெயர் மட்டும் சின்ன ஆங்கில எழுத்து, எண், நடுவில் சிறுகோடு. இடைவெளி வேண்டாம். பெரிய எழுத்தும் வேண்டாம்: விண்டோஸ் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒன்றாகவே பாவிக்கும், சர்வர்கள் பெரும்பாலும் ஓடும் லினக்ஸ் பாவிக்காது. உங்கள் மேசையில் திறந்த லிங்க் சர்வரில் திறக்காமல் போவதற்கு இது பழைய காரணம்.

பெயரில் தேதி, ‘இறுதி’, ‘இறுதி-2’, ‘இதுதான்-இறுதி’ எதுவும் கூடாது. அடுத்த திருத்தத்தை அதே பெயரில் வைத்தால்தான், கோப்பின் பெயரைச் சுமக்கும் லிங்க் பிழைக்கும்.

வேர்டு கோப்பாகக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். மாணவர் அதில் தட்டச்சு செய்து திருப்பித் தர வேண்டுமானால் கொடுங்கள். படிக்கவும் அச்செடுக்கவும் என்றால் பிடிஎஃப். எழுத்துரு இல்லாத கணினியில் வேர்டு கோப்பின் வரிகள் இடம் மாறும், அட்டவணை மூன்றாம் பக்கத்துக்கு வழியும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பென்றால், பிடிஎஃப் ஆக்கினாலும் கண்ணுக்கு மட்டும்தான் அது தமிழ். உள்ளே தேடினால் எதுவும் கிடைக்காது. பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் ஆங்கில எழுத்துகளை உளறும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், பிறகு பிடிஎஃப் ஆக்குங்கள்.

எடை: வண்ணத்தில் ஸ்கேன் செய்த பத்துப் பக்கம் எளிதாக 30, 40 எம்பி-யைத் தொடும். சாம்பல் நிறத்தில், 150 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளி) எடுத்தாலே கைப்பேசியில் படிக்கப் போதும். எடையும் பல மடங்கு குறையும்.

படி 3: மூடுலில் எச்5பி-யோடு வைப்பது

நான் அதிகம் செய்வது இது, நான் அதிகம் அடிபட்டதும் இதில்தான்.

எச்5பி-யைத் திறக்கும் முன்பே கோர்ஸ் பக்கத்தில் எடிட் மோடை இயக்கி, ‘ஃபைல்’ என்ற வகையில் ஒரு புது உருப்படி சேர்த்து, அதில் பிடிஎஃப்பை ஏற்றுங்கள். கீழே ‘அப்பியரன்ஸ்’ பகுதியில் ‘டிஸ்பிளே’ என்று இருக்கும். அதை ‘ஓப்பன்’ என்று வையுங்கள். அப்போதுதான் லிங்கை அழுத்தியதும் நேரே பிடிஎஃப் வரும். மூடுலின் பக்கத்துக்குள் ஒரு சின்னச் சட்டகத்தில் மாட்டிக்கொண்டு நிற்காது.

அடுத்து, இந்த உருப்படி கோர்ஸ் பக்கத்தில் தெரிய வேண்டுமா? பாடத்துக்குள்ளிருந்து மட்டும் வந்தால் போதும் என்றால் பலரும் அதை ‘ஹைட்’ செய்கிறார்கள். ஹைட் செய்தால் மாணவருக்கு லிங்க் வழியாகவும் திறக்காது, ஆசிரியருக்குத் திறக்கும். மறுபடி அதே ‘என் கணக்கில் வேலை செய்கிறதே’ கதை. அதற்கென்றே ‘கோர்ஸ் பக்கத்தில் காட்டாமல் கிடைக்கச் செய்’ என்ற பொருளில் மூன்றாவது தேர்வு ஒன்று உண்டு. அது உங்கள் திரையில் இல்லையென்றால் தள நிர்வாகி ‘ஸ்டெல்த் ஆக்டிவிட்டி’யை அனுமதிக்கவில்லை என்று அர்த்தம், அவரிடம் கேளுங்கள், ஒரு டிக் போடும் வேலை. அதுவரை பக்கத்தின் கடைசியில் ‘பதிவிறக்கங்கள்’ என்று ஒரு பகுதி வைத்து எல்லாவற்றையும் அங்கே போட்டுவிடுங்கள்.

இப்போது முகவரி. கோர்ஸ் பக்கத்துக்குத் திரும்பி, அந்த உருப்படியின் பெயர்மேல் வலது கிளிக் செய்து லிங்க் முகவரியைக் காப்பி செய்யுங்கள். அதில் ‘மாட்’ (mod), ‘ரிசோர்ஸ்’, ‘வியூ’ என்ற சொற்களும் முடிவில் ஓர் ஐடி எண்ணும் இருக்க வேண்டும். பிடிஎஃப்பைத் திறந்துவைத்து மேலே பட்டியில் தெரியும் முகவரியைக் காப்பி செய்யாதீர்கள். அதில் ‘பிளகின்ஃபைல்’ என்று இருக்கும், கோப்பின் பெயரும் இருக்கும். நாளைக்கு வேறு பெயரில் கோப்பை மாற்றினால் அந்த முகவரி செத்துவிடும். ஐடி முகவரிக்குக் கோப்பின் பெயரே தெரியாது, உள்ளே எதை மாற்றினாலும் புதியதைக் காட்டும். இன்னொரு லாபமும் உண்டு: ஐடி முகவரி வழியாக வந்தால் யார் எப்போது திறந்தார் என்று மூடுல் குறித்துக்கொள்ளும், ‘பார்த்தால் முடிந்தது’ என்ற கணக்கும் ஏறும். எச்5பி-க்கு மாணவர் பிடிஎஃப்பைத் திறந்தாரா என்பது தெரியவே தெரியாது.

பிறகுதான் எச்5பி. கோர்ஸ் பிரசன்டேஷனில் ஸ்லைடின் மேற்பட்டையில் ‘லிங்க்’ என்று ஒரு கருவி இருக்கிறது. தலைப்பையும் முகவரியையும் கொடுத்தால் முடிந்தது. இன்டராக்டிவ் புக், ‘காலம்’ (Column) போன்ற வகைகளில் உரைப் பெட்டியில் சொற்களைத் தேர்ந்தெடுத்து, சங்கிலிக் குறியை அழுத்தி, முகவரியை ஒட்டி, ‘புதிய விண்டோ’ அல்லது ‘புதிய டேப்’ என்ற தேர்வைப் போட வேண்டும். எடிட்டரின் பதிப்பைப் பொறுத்து அந்தத் தேர்வு ஒளிந்திருக்கும் இடம் மாறும். இரண்டாவது தாவலில் தேடிப் பாருங்கள்.

புதிய டேப் என்பதை மறக்கவே கூடாது. எச்5பி பாடம் ஒரு சட்டகத்துக்குள் ஓடுகிறது. அதே சட்டகத்தில் பிடிஎஃப் திறந்தால், ஒன்று பாடம் மறைந்து பிடிஎஃப் அந்த இடத்தில் உட்காரும், மாணவர் திரும்பி வந்தால் முதல் ஸ்லைடில் நிற்பார். அல்லது வெளித்தளமாக இருந்தால், ‘இணைக்க மறுத்துவிட்டது’ என்று சாம்பல் திரையில் ஒரு சோக முகம் வரும். தன் பக்கத்தைப் பிறருடைய சட்டகத்துக்குள் காட்டக் கூடாது என்று அந்தத் தளம் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான்.

இத்தனையும் சொன்னபிறகு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: பாதி நேரம் நான் லிங்கை எச்5பி-க்குள் வைப்பதே இல்லை. மூடுலில் ‘பேஜ்’ என்ற உருப்படி செய்து, அதில் எச்5பி-யைப் பதித்து, அதன் கீழே ஒரு வரியில் பிடிஎஃப் லிங்கை வைக்கிறேன். அந்த எடிட்டரில் சங்கிலிக் குறி வழியாகவே கோப்பை ஏற்றலாம். சேமிக்கும்போது அந்தத் தற்காலிக முகவரியை மூடுலே நிரந்தர முகவரியாக மாற்றிக்கொள்கிறது. என் திங்கட்கிழமைக் கோளாறு அங்கே நடக்கவே நடக்காது. ஸ்லைடில் ‘கீழே உள்ள அட்டவணையை இப்போது திறந்துகொள்ளுங்கள்’ என்று எழுதினால் போதும். பார்க்க அவ்வளவு நயமாக இருக்காது, ஆனால் தேறும்.

படி 4: கூகுள் டிரைவில் வைத்தால்

டிரைவ் சுலபம், அதனால்தான் எல்லோரும் அங்கே போகிறார்கள். ஏற்றி, ‘ஷேர்’ அழுத்தி, பொது அணுகலை ‘லிங்க் உள்ள எவரும்’ என்றும் அவர்கள் ‘வியூவர்’ என்றும் வைத்து, முகவரியை எடுங்கள். நிறுவனக் கணக்காக இருந்தால் அந்தத் தேர்வுக்குப் பதில் நிறுவனத்தின் பெயர் முன்னிருப்பாக நிற்கலாம். கவனிக்காமல் விட்டால், தனிப்பட்ட ஜிமெயிலில் நுழைந்திருக்கும் மாணவர் அனுமதி கேட்டு மனுப்போட்டுக்கொண்டே இருப்பார். உங்கள் அஞ்சல்பெட்டி நிறையும்.

எடுத்த முகவரியின் வால் பகுதியில் ‘வியூ’ என்று ஒரு சொல் இருக்கும். புதிய டேபில் திறக்க அது சரி. கோப்பைப் பக்கத்திலேயே பதித்துக் காட்ட வேண்டுமானால் ‘வியூ’வை ‘பிரிவியூ’ என்று மாற்றுங்கள். அந்த வடிவத்தைச் சட்டகத்துக்குள் காட்ட கூகுள் அனுமதிக்கிறது. கூகுள் டாக்ஸில் செய்த பயிற்சித்தாளென்றால் ‘எடிட்’ என்ற வாலை ‘காப்பி’ என்று மாற்றிப் பாருங்கள்: அழுத்தும் ஒவ்வொருவருக்கும் தனக்கென ஒரு நகல் எடுக்கச் சொல்லிக் கேட்கும். முப்பது பேர் ஒரே தாளில் விழுந்து ஒருவர் பதிலை ஒருவர் அழிக்கும் கூத்து இருக்காது.

பிடிஎஃப்பைத் திருத்தினால் பழையதை அழித்துப் புதியதை ஏற்றாதீர்கள், முகவரி மாறிவிடும். கோப்பின்மேல் வலது கிளிக்கில் ‘மேனேஜ் வெர்ஷன்ஸ்’ என்பதைத் தேடி, அங்கே புதிய பதிப்பை ஏற்றுங்கள். முகவரி அப்படியே இருக்கும்.

டிரைவில் எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. கோப்பு ஒரு மனிதரின் கணக்கில் கிடக்கிறது. அவர் வேலையை விட்டுப் போய், கணக்கை நிறுவனம் மூடிவிட்டால், பாடங்களுக்குள் இருக்கும் அத்தனை லிங்கும் ஒரே நாளில் இறக்கும். கோப்பு தனிநபருக்கு அல்லாமல் குழுவுக்குச் சொந்தமாக இருக்கும் பகிர்வு டிரைவ் வசதி இருந்தால் அதில் வையுங்கள், இல்லையேல் துறைக்கென்று ஒரு பொதுக் கணக்கு. மாணவர் பெயர், மதிப்பெண் உள்ள எந்தத் தாளையும் ‘லிங்க் உள்ள எவரும்’ என்று திறந்துவிடாதீர்கள். அந்த லிங்க் எந்தெந்த வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும் என்று உங்களால் சொல்ல முடியாது.

படி 5: ஸ்கார்ம் பொட்டலத்துக்குள் வைப்பது

2001-இல் வந்த ஸ்கார்ம் 1.2 இன்றும் தாராளமாகப் புழங்குகிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பாடம் செய்யும் மென்பொருளான ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைனில் பட்டனுக்கு ஒரு டிரிகர் (அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்ற கட்டளை) போட்டு, செயலாக ‘ஜம்ப் டு யூஆர்எல்/ஃபைல்’ என்பதைத் தேர்ந்து, கணினியிலிருந்து பிடிஎஃப்பைக் காட்டுங்கள். பப்ளிஷ் செய்யும்போது மென்பொருளே அதன் நகலை எடுத்து, ‘ஸ்டோரி கான்டென்ட்’ ஃபோல்டருக்குள் ‘எக்ஸ்டர்னல் ஃபைல்ஸ்’ என்ற ஃபோல்டரில் வைத்துவிடும். ஜிப்பைத் திறந்து அது அங்கே இருக்கிறதா என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

அதே போன்ற இன்னொரு மென்பொருளான பழைய கிளாசிக் கேப்டிவேட்டில் அந்தக் கருணை கிடையாது. ‘ஓப்பன் யூஆர்எல் ஆர் ஃபைல்’ செயல் பாதையை மட்டும் எழுதும். கோப்பை நீங்களே பப்ளிஷ் ஆன ஃபோல்டரில் கொண்டுபோய் வைத்து மறுபடி ஜிப் செய்ய வேண்டும். பாதையில் கோப்பின் பெயர் மட்டும் இருக்கட்டும். சி டிரைவில் தொடங்கும் நீளப் பாதை இருந்தால் அது உங்கள் கணினியில் மட்டும்தான் உயிரோடிருக்கும். ஜிப் செய்யும்போது ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்காமல், ஃபோல்டருக்குள் போய் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஜிப் செய்யுங்கள். பொட்டலத்தில் என்னென்ன இருக்கிறது என்று தளத்துக்குச் சொல்லும் மேனிஃபெஸ்ட் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு ஜிப்பின் மேல்மட்டத்தில் இல்லாமல் ஒரு ஃபோல்டர் ஆழத்தில் இருந்தால், தளம் பொட்டலத்தை ஏற்காது.

இங்கேயும் புதிய விண்டோதான். அதே விண்டோவில் பிடிஎஃப் திறந்தால் பாடம் தளத்தோடு பேசிக்கொண்டிருந்த தொடர்பு அறுந்து, அதுவரை பார்த்தது பதிவாகாமல் போகலாம்.

படி 6: லிங்கில் என்ன எழுதுவது

‘இங்கே கிளிக் செய்யவும்’ வேண்டாம். திரைவாசிப்பான் பயன்படுத்துபவர் பக்கத்தின் லிங்குகளை மட்டும் பட்டியலாகக் கேட்பார். ஐந்து ‘இங்கே கிளிக் செய்யவும்’ கேட்டு அவர் என்ன செய்வார்? ‘அளவீட்டு அட்டவணை (பிடிஎஃப், 2 பக்கம், 340 கேபி)’ என்று எழுதினால், நாளின் டேட்டா தீரப்போகிற மாணவரும் யோசித்து அழுத்துவார்.

நீளமான கையேட்டில் குறிப்பிட்ட பக்கத்துக்கு அனுப்ப, முகவரியின் முடிவில் # குறி, ஆங்கிலத்தில் ‘பேஜ்’ என்ற சொல், சமக்குறி, பக்க எண் ஆகியவற்றை இடைவெளியில்லாமல் (#page=14 என்பதுபோல) சேர்க்கலாம். மேசைக்கணினி உலாவியே பிடிஎஃப்பைத் திறக்கும்போது நேரே அந்தப் பக்கம் வரும். போனில் நம்ப முடியாது, அதனால் ‘பக்கம் 14 பாருங்கள்’ என்று எழுத்திலும் சொல்லிவிடுங்கள்.

படி 7: உங்கள் கணக்கை மறந்து சோதியுங்கள்

மூடுலில் உங்கள் பாத்திரத்தை மாணவராக மாற்றிப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதை நான் நம்புவதில்லை. உள்ளே இருப்பது அப்போதும் நீங்கள்தான், அந்த டிராஃப்ட்ஃபைல் முகவரிகூட உங்களுக்குத் திறக்கும். மாணவர் பாத்திரத்தில் ஒரு தனிச் சோதனைக் கணக்கு வாங்கிவையுங்கள். டிரைவ் லிங்கை இன்காக்னிட்டோ விண்டோவில் திறங்கள். பிறகு ஒரு ஆண்ட்ராய்டு போனில், வைஃபையை அணைத்துவிட்டு, பாடத்தை முதலிலிருந்து ஓட்டுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் பிடிஎஃப் திரையில் திறக்காமல் சத்தமில்லாமல் தரவிறங்கிவிடும். மாணவர் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து ஏழு முறை அழுத்துவார், ஏழு நகல் இறங்கும். ‘போனில் பார்ப்பவர்கள் டவுன்லோட்ஸ் பகுதியில் பாருங்கள்’ என்று லிங்குக்குக் கீழே ஒரு வரி எழுதியபிறகு எனக்கு வந்த கேள்விகள் குறைந்தன.

அடுத்த பேட்ச் வரும்போது

கடைசிப் பொறி ஓராண்டு கழித்துக் காத்திருக்கும். புதிய பேட்சுக்காகக் கோர்ஸை அப்படியே நகலெடுப்பீர்கள். ஒவ்வொரு உருப்படிக்கும் புது ஐடி எண் கிடைக்கும். மூடுல் தன் பக்கங்களிலும் விளக்கங்களிலும் உள்ள லிங்குகளைத் தானே புது எண்ணுக்கு மாற்றிக்கொள்ளும். எச்5பி-க்கும் ஸ்கார்முக்கும் உள்ளே கை வைக்காது. அங்கே இருக்கும் லிங்க் இன்னும் பழைய கோர்ஸைக் காட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் இரண்டு கோர்ஸிலும் ஆசிரியர், உங்களுக்குத் திறக்கும். புது மாணவர் பழைய கோர்ஸில் இல்லை, அவருக்குத் திறக்காது.

இதற்கென்று ஒரு எக்செல் தாள் வைத்திருக்கிறேன்: பாடத்தின் பெயர், ஸ்லைடு எண், லிங்கில் உள்ள சொற்கள், ஐடி எண், கடைசியாகச் சோதனைக் கணக்கில் திறந்துபார்த்த தேதி. கோர்ஸை நகலெடுத்த அன்றே அந்தத் தாளைத் திறந்து ஐடி பத்தியை அழித்துவிட்டு, ஒவ்வொரு பாடமாகப் போய்ப் புது எண்ணை எழுதுகிறேன். பதினான்கு பாடத்துக்கு ஒரு பிற்பகல் பிடிக்கும்.